செந்நிறப் பாசிக்கு மயில்துத்தமா? கொஞ்சம் பொறுங்கள்!

‘நெல் வயலில் பாசி படர்ந்தால், மயில்துத்தத்தைச் சாக்குத் துணியில் கட்டி மடைவாயில் போட்டு வைக்கிறோம். தண்ணீர் பாயப் பாய பாசி கருகிவிடுகிறது. என் மகன் வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறான். அதில் 2 மாதங்களாகச் சிவப்பு நிறத்தில் பாசி படர்கிறது. சுரண்டி எடுத்தாலும் 3 நாளில் திரும்ப வந்துவிடுகிறது. அதற்கும் மயில்துத்தத்தைக் கொஞ்சமாகப் போடலாமா?’

பட்டாபிராமை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. வழக்கமாக, வரும் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுவேன். இதற்கு அப்படி 15 நாள் காத்திருக்க மனம் ஒப்பவில்லை. கடிதத்தில் இருந்த எண்ணுக்கு உடனே போன் போட்டேன்.

“எதையும் போட்டுடாதீங்க. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்.”

“இன்னும் போடலைங்க சார். ஆனா, கால் கிலோ பொட்டலம் வாங்கி வெச்சிட்டேன்.”

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு அம்பத்தூரில் இருக்கும் என் தங்கை மகள், இதேபோல ஒரு தொட்டியைக் காட்டி என்னிடம் யோசனை கேட்டாள். வேளாண்மைப் பட்டம் வாங்கியவன், பாசிக்கு மருந்து தெரியாதா என்ற நினைப்பில், “துளி மயில்துத்தம் கரைச்சு ஊத்து” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மதியம் ஊற்றியிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் இறால்கள் மல்லாந்துவிட்டன. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து விழுந்தன. கடல் சாமந்தி சுருண்டு கூழாகிவிட்டது. மீன்கள் மட்டும் பிழைத்தன. தண்ணீரை முழுக்க மாற்றிப் பார்த்தோம். அப்படியும் பல மாதங்களுக்கு அந்தத் தொட்டியில் ஓர் இறால்கூட நிற்கவில்லை. செம்பு பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருந்ததுதான் காரணம். வயலில் வேலை செய்யும் மருந்து அது. ஆனால், இறால், நத்தை, பவளம் போன்ற முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கு மிகச் சிறிய அளவு செம்புகூட விஷம். இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை, மருமகள் முறையில் இருக்கும் பெண் என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தது.

அந்த அனுபவம் முதுகில் உறுத்திக்கொண்டே இருக்க, ஞாயிறு காலையில் ஆவடியைத் தாண்டி வண்டியை விட்டேன்.

3 பேர் போட்ட தீனி

ஒரு ஏக்கர் நிலம். சுற்றிலும் மனைகளாகிவிட்ட இடத்தில் இவர் மட்டும் கீரையும் வெண்டையும் போட்டுக்கொண்டிருக்கிறார். மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரவு ஷிஃப்ட். பகலில் தூக்கம், மீன் தொட்டி. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பாறை, மணல் போக ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

இது வெறும் அழகுக்கு வைத்த தொட்டியல்ல. உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன் இருக்கிறது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். சினிமாவில் பார்த்துவிட்டுக் குழந்தைகள் கேட்பார்களே, அதுதான். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில், இதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கிப் பல வருடங்களாகின்றன. கடலில் பிடிக்காமல் வீட்டிலேயே உற்பத்தி செய்யலாம். கொளத்தூரில் வண்ணமீன் தொழிலை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருப்பதைப் பார்த்து வளர்ந்த பையன். ‘குஞ்சு எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்’ என்று அங்கே ஒரு கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அதை நம்பி அம்மாவின் 2 வளையலை அடகு வைத்துத் தொட்டி, பம்பு, விளக்கு, உப்பு எல்லாம் வாங்கியிருக்கிறான். ஜோடியும் ஏமாற்றவில்லை. நான் போன அன்று, சாய்த்து வைத்த ஓட்டில் முட்டை இட்டிருந்தது. ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் இருந்தது. அந்த ஓட்டின் அடி ஓரம் வரை செந்நிற ஆடை ஏறிவிட்டது.

ஆடை என்று சொன்னது சரியான வார்த்தைதான். காய்ச்சிய பால் மேல் படியும் ஆடைபோல மணல் முழுக்க மெரூன் நிறத்தில் மூடியிருந்தது. இடையிடையே சின்னச் சின்னக் காற்றுக்குமிழ்கள் சிக்கியிருந்தன. குச்சியால் தொட்டால் தோல்போலச் சுருண்டு வந்தது. “காலையில லைட் போடுறப்போ கம்மியா இருக்கும் சார். மத்தியானத்துக்கு மேல பொங்கிட்டு வரும்” என்றான் பையன். நுகர்ந்து பார்த்தேன். மழைக்குப் பிறகு தேங்கிய குட்டையின் வாடை. சந்தேகமே இல்லை.

“தீனி யார் போடுறது?”

“நான்தான் சார். காலையில வேலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை.”

உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். “இவன் தூங்கிடுறானே, பாவம் பசிக்குமேன்னு மத்தியானம் நான் கொஞ்சம் போடுவேன்.”

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “சாயங்காலம் கிட்ட போனா வாயைத் திறந்துக்கிட்டு வருது சார்...”

பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது.

நமக்குப் பழகிய ஆள்தான்

இந்தச் செந்நிற ஆடையைப் பாசி என்று சொல்கிறோமே தவிர, இது பாசி வகையே இல்லை. பாக்டீரியா. சூரிய ஒளியில் உணவு தயாரிக்கத் தெரிந்த பாக்டீரியா. ‘சயனோபாக்டீரியா’ என்பது அறிவியல் பெயர். விவசாயிகளுக்கு இதன் பழைய பெயர் நன்றாகத் தெரியும். நீலப்பச்சைப்பாசி!

ஆமாம், நடவு செய்த 10-ம் நாள், எக்டேருக்கு 10 கிலோ தூவச் சொல்கிறோமே, அதே குடும்பம்தான். நெல் வயலில் தழைச்சத்து தானாகச் சேர்வதற்கு இதுதான் காரணம் என்று 1939-ம் ஆண்டு பி.கே.டே என்ற இந்திய விஞ்ஞானி எடுத்துச் சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டி.வி.தேசிகாச்சாரி, இந்தக் குடும்பத்தைப் பற்றி 1959-ல் எழுதிய பெரிய புத்தகத்தைத்தான் உலகம் முழுக்க இன்றும் புரட்டுகிறார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் சயனோபாக்டீரியாவுக்கென்றே 1991 முதல் தேசிய அளவிலான ஆய்வு மையம் இயங்குகிறது. அசோலா இலைக்குள் குடியிருந்து தழைச்சத்து சேர்ப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ‘அனபீனா’தான். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் காற்றில் ஆக்சிஜனைச் சேர்க்கத் தொடங்கியதே இவைதான். நாம் மூச்சுவிடுவதற்கு நன்றி சொல்ல வேண்டிய ஜீவன். அது தொட்டிக்குள் வந்து உட்கார்ந்தால் மட்டும் எரிச்சல் வருகிறது.

நீலப்பச்சை என்று பெயர் வைத்துவிட்டுச் சிவப்பாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். பச்சையத்தோடு ‘ஃபைகோஎரித்ரின்’ என்ற சிவப்பு நிறமியும் சில வகைகளில் அதிகம். அதனால் கடல் தொட்டிகளில் பெரும்பாலும் சிவப்பு, மெரூன், சில சமயம் கறுப்பு, கரும்பச்சை நிறங்களில் தெரியும். செங்கடலுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தக் குடும்பத்து உயிர் ஒன்று மேலே மிதப்பதால்தான் என்று சொல்வோரும் உண்டு.

இப்போது ஒரு விஷயத்தை யோசியுங்கள். நீலப்பச்சைப்பாசியை நம் தோட்டத்தில் எப்படிப் பெருக்குகிறோம்? ஆழமில்லாத பாத்தி கட்டுகிறோம். தண்ணீரை அசையாமல் நிறுத்துகிறோம். வெயில் நன்றாகப் படும்படி விடுகிறோம். மண்ணோடு சூப்பர் பாஸ்பேட் போடுகிறோம். யூரியா போடுவதில்லை. தழைச்சத்தை அது காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும், மணிச்சத்து மட்டும் கொடுத்தால் போதும். சில நாளில் ஆடை கட்டி, வெயிலில் காய்ந்ததும் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும்.

அந்தப் பாத்தியைத்தான் இந்தப் பையன் தெரியாமலே கண்ணாடிக்குள் கட்டியிருந்தான்.

அவனிடமிருந்த பரிசோதனை மருந்துகளை வைத்துத் தண்ணீரைச் சோதித்தோம். நைட்ரேட் பூஜ்யம். பாஸ்பேட் 0.5 பி.பி.எம். பூஜ்யம் என்றதும் பையன் முகத்தில் பெருமை. ஏதோ வீடியோவைப் பார்த்து, நைட்ரேட்டைக் குறைக்க தினமும் வினிகர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். வினிகரைத் தின்று பாக்டீரியாக்கள் பெருகும். பெருகும்போது நைட்ரேட்டை இழுத்துக்கொள்ளும். இது உண்மையில் இருக்கிற முறைதான். ஆனால், தழைச்சத்து போகும் வேகத்தில் மணிச்சத்து போகாது. தழைச்சத்து தீர்ந்ததும், மற்ற நல்ல பாசிகள் பட்டினியில் ஒடுங்கும். அந்த நேரத்தில் தனக்கான தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளக்கூடியவன் எழுந்து உட்காருவான். எல்லா சயனோ வகைகளுக்கும் அந்தத் திறமை கிடையாது. ஆனாலும், நைட்ரேட் பூஜ்யத்திலும் பாஸ்பேட் மிச்சத்திலும் நிற்கிற தொட்டியில் இந்த ஆடை வருவதை மீன் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

பாஸ்பேட் எங்கிருந்து வந்தது? முதல் காரணம், 3 பேர் போட்ட தீனி. இரண்டாவது, உறைந்த இறாலைக் கழுவாமல் அப்படியே போட்டது. உருகி வடியும் அந்தத் தண்ணீர் முழுக்க சத்துதான். மூன்றாவது, ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றியது. மீட்டரை விட்டுப் பார்த்தேன். டி.டி.எஸ். 140. மெம்பரேன் தேய்ந்துபோயிருந்தது. உப்புப் படியாமல் இருக்க இந்த மாதிரி மெஷின்களில் பாஸ்பேட் உருண்டைகள் போட்டிருப்பது உண்டு. மெம்பரேன் நன்றாக இருந்தால் அது தாண்டி வராது. தேய்ந்துவிட்டால் வரும். நாம் குடிக்க 140 ஒன்றும் தப்பில்லை. ரீஃப் தொட்டிக்குப் பூஜ்யம், மிஞ்சினால் 5.

நான்காவதாக ஒன்றைச் சந்தேகப்பட்டேன். விவசாய வீடு என்பதால்தான் அந்தச் சந்தேகமே வந்தது. தொட்டி இருந்த அறையின் மூலையில் டி.ஏ.பி. மூட்டை. அப்பா உரம் வைத்துவிட்டு வந்து, கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு தொட்டிக்குள் விடுவாராம். கணக்குப் போட்டுக் காட்டினேன். டி.ஏ.பி.யில் மணிச்சத்து 46 சதவிகிதம். அதைத் தொட்டிக்காரர்கள் அளக்கும் பாஸ்பேட்டாக மாற்றினால், ஒரு கிராம் டி.ஏ.பி.க்கு 0.6 கிராம். 200 லிட்டரில் கரைந்தால் 3 பி.பி.எம்.! தொட்டியில் இருக்க வேண்டியது 0.03-லிருந்து 0.1 வரைதான். ஒரு சிட்டிகையில் 30 மடங்கு. கூடவே மீனைக் கொல்லும் அமோனியா வேறு. மூட்டை அன்றைக்கே மாட்டுக் கொட்டகைக்குப் போனது.

மற்ற 2 காரணங்கள் சட்டென்று கண்ணில் பட்டன. விளக்கு காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை எரிந்துகொண்டிருந்தது. அலை பம்பு ஒன்று பாறைக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. முன்பக்க மூலையில் தண்ணீர் அசையவே இல்லை. ஆடை கனமாக இருந்ததும் அந்த மூலையில்தான்.

என்ன செய்தோம்?

மருந்து எதுவும் இல்லை. முதலில் வினிகரை நிறுத்தினோம். தீனி ஒரு நாளைக்கு ஒரே வேளை, 2 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. இறாலை நல்ல தண்ணீரில் அலசி வடிகட்டிய பிறகுதான் போட வேண்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தீனி டப்பாவைத் தொட அனுமதி இல்லை என்று பையனே சட்டம் போட்டான். விளக்கு பகல் 12 முதல் இரவு 8 வரை. பம்பைத் திருப்பி, மூலையில் மணல் பறக்காத, ஆனால் தூசி நிற்காத அளவுக்கு ஓட்டம் கொடுத்தோம். முட்டை வைத்த ஓட்டின் மேல் நேராக வேகம் படாதபடி பார்த்துக்கொண்டோம்.

அடுத்து, ஆடையைக் கையால் வெளியேற்றுவது. இதுதான் முக்கியமான வேலை. சுரண்டிவிட்டால் அது தண்ணீரில் துண்டு துண்டாகப் பறந்து, போய் விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கும். சுரண்டாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். சொட்டுநீருக்குப் பயன்படுத்தும் 6 மி.மீ. மைக்ரோ டியூப் புதிதாக 2 மீட்டர் இருந்தது. ஒரு முனையைக் குச்சியில் கட்டி, மதியம் ஆடை நன்றாகத் தடித்திருக்கும் நேரத்தில், பாயைச் சுருட்டுவதுபோல ஓரத்திலிருந்து இழுத்தோம். டியூப்பை வாயால் உறிஞ்சித் தொடங்க வேண்டாம். தண்ணீரை நிரப்பி, விரலால் அடைத்துப் பிடித்து இறக்கினால் தானாக ஓடும். சயனோ வகைகள் சிலவற்றில் நச்சு உண்டு, வயிற்றுக்குள் போகக் கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தடவைக்கு 20 லிட்டர் எடுத்தோம். பதிலுக்கு ஊற்றும் தண்ணீரை முந்தைய நாளே தயார் செய்ய வேண்டும். 20 லிட்டர் பூஜ்ய டி.டி.எஸ். தண்ணீரில் ஏறக்குறைய 700 கிராம் கடல் உப்புக் கலவை போட்டு, இரவு முழுக்கக் காற்று விட்டுக் கலக்கினால், லிட்டருக்கு 35 கிராம் என்ற கடல் அளவுக்கு வரும். சமையல் உப்பில் ஆகாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் வேண்டும். சிலர் மெரினாவிலும் எண்ணூரிலும் கேனில் கடல்நீர் பிடித்து வருகிறார்கள். கூவமும் அடையாறும் கொசஸ்தலையாறும் எதைக் கொண்டுவந்து கடலில் சேர்க்கின்றன என்பது நமக்குத் தெரியாததல்ல. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எடுத்த தண்ணீர் என்றால், பாஸ்பேட்டைக் காசில்லாமல் வாங்கிவருகிறீர்கள் என்று அர்த்தம்.

இப்படி வாரம் 2 முறை. பாஸ்பேட்டை இறக்க, இரும்பு ஆக்சைடு மணிகளை ஒரு சின்னப் பையில் கட்டி ஃபில்டரில் வைத்தோம். இதன் வேலை நமக்குப் புதிதல்ல. செம்மண்ணில் போட்ட சூப்பர் பாஸ்பேட்டை, அந்த மண்ணின் இரும்பு பிடித்துவைத்துக்கொண்டு பயிருக்குத் தர மறுக்கிறதே, அதே வேலைதான். ஆனால், பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதிதான் போட்டோம். ஒரே நாளில் பாஸ்பேட்டைத் துடைத்து எடுத்தால் பவள வகைகள் அதிர்ந்துபோகும். மேலும், பூஜ்யம் நமக்கு வேண்டாம். வினிகர் நின்ற பிறகு நைட்ரேட் தானாக ஏறி 5 பி.பி.எம். அளவில் வந்து நின்றது. அது அங்கேயே இருக்கட்டும். 2 முதல் 10 வரை இருந்தால், நல்ல பாசிகளும் நல்ல பாக்டீரியாக்களும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

3 நாள் விளக்கை அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடிவைப்பது என்று ஒரு முறை இருக்கிறது. ஒளியில்லாமல் சயனோ சோர்ந்துவிடும், மீன்கள் தாங்கும். முட்டை இருந்ததால், அப்பா மீன் வேலை கெட்டுவிடக் கூடாதென்று அப்போது செய்யவில்லை. அதைச் செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. செத்த ஆடை அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும். அதனால், காற்று பம்பு இடைவிடாமல் ஓட வேண்டும். நம் பக்கம் கரன்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? பேட்டரி காற்று பம்பு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

மாத்திரை வேண்டாம்

“கடையில எரித்ரோமைசின் போடச் சொன்னாங்க சார். ஒரே ராத்திரியில போயிடுமாம்” என்றான் பையன். போகும், அது பொய்யில்லை. பாக்டீரியா என்பதால் பாக்டீரியா மருந்துக்குச் சாகும். ஆனால், மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றித் தரும் பாக்டீரியாக்களும் அதே தொட்டியில்தான் இருக்கின்றன. அவையும் அடி வாங்கினால், அமோனியா ஏறி மீன் சாகும். அத்தனை ஆடையும் ஒரே ராத்திரியில் செத்தால் ஆக்சிஜன் இறங்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பாஸ்பேட்டும் தீனியும் அப்படியே இருந்தால், 3 வாரத்தில் ஆடை திரும்ப வரும்.

அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. எரித்ரோமைசின் மனிதர்களுக்கான மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இருக்கிறது. அதைக் கரைத்துவிட்டு, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால், மருந்துக்கு அசராத கிருமிகளை நாமே பழக்கி விடுகிறோம். கோழிப் பண்ணையிலும் இறால் பண்ணையிலும் ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்கச் சொல்லி நாங்கள் ஊர் ஊராகப் பேசுகிறோம். வீட்டு ஹாலில் ஒரு அழகுத் தொட்டிக்காக அதைக் கரைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பழுப்பு நிறத்தில், மூக்குச்சளிபோல நூல் நூலாக, நுனியில் குமிழோடு தொங்கினால், அது சயனோ இல்லாமல் ‘டைனோஃப்ளாஜெல்லேட்’ ஆக இருக்கலாம். 2019 ஆகஸ்ட்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததே, அது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ‘நாக்டிலூகா’தான். தொட்டிக்கு வருவது வேறு வகை. சத்து பூஜ்யமான தொட்டியில்தான் அது கொண்டாட்டம் போடும். அங்கே தீனியைக் குறைத்தால் இன்னும் கூடும். கொஞ்சம் எடுத்து, தொட்டித் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, காபி வடிகட்டும் தாளில் வடிகட்டி, அந்தத் தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். திரும்ப நூலாகக் கூடினால் டைனோ. கூடவில்லை என்றால் சயனோ. புதுத் தொட்டியில் முதல் மாதத்தில் மணல் மேல் வரும் பழுப்புத் தூசி டயாட்டம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், தானே போய்விடும்.

புறப்படும்போது பையனிடம் ஒரு கேள்வி கேட்டேன். “உள்ளே கல் பவளம் ஏதாவது இருக்கா தம்பி?” இல்லை. காளான் மாதிரி இருக்கும் மென்மையான வகைகளும், சிமென்டில் செய்த பாறைகளும்தான். நிம்மதியாக இருந்தது. கல் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை இவையெல்லாம் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவில் இருந்து உடைத்து வந்த ‘உயிர்ப் பாறை’ என்று யாராவது மலிவாகக் கொடுத்தால், வாங்கியவரும் குற்றவாளிதான்.

தொடர்ந்து வந்த கேள்விகள்

இந்தத் தொட்டிக் கதையை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, கேட்டவர்கள் எழுப்பிய கேள்விகள் சில இங்கே. அதில் முதலாவது, மீன் தொட்டியைவிட முக்கியமானது.

*“எங்கள் ஊர்க் குட்டையில் வெயில் காலத்தில் பச்சை பெயின்ட் ஊற்றியதுபோல மிதக்கிறது. மாடுகள் அதில்தான் தண்ணீர் குடிக்கின்றன. இதுவும் அதுதானா?” – பூந்தமல்லி பகுதி வாசகர்.*

அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். உடனே மாடுகளைத் தடுங்கள். ஆஸ்திரேலியாவில் ஓர் ஏரியில் இப்படி மிதந்ததைக் குடித்த ஆடு, மாடு, குதிரைகள் செத்ததை 1878-ம் ஆண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். கல்லீரலையும் நரம்பையும் தாக்கும் நச்சுகள் சில வகைகளில் உண்டு. நீளமான குச்சியை விட்டுத் தூக்குங்கள். முடிபோல நூலாகத் தொங்கினால் சாதாரணப் பாசி. பெயின்ட் பூசியதுபோல ஒட்டினால் சயனோவாகச் சந்தேகப்படுங்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே வந்து மிதந்தால் சந்தேகம் பலமாகிறது. இங்கேயும் மயில்துத்தத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். செல் உடைந்து உள்ளே இருக்கும் நச்சு ஒரேயடியாகத் தண்ணீரில் கலக்கும். மாடு குடித்தால் ஆபத்து கூடும். மாட்டுக்குத் தொட்டியில் நல்ல தண்ணீர் வையுங்கள். சாணமும் சோப்புத் தண்ணீரும் குட்டைக்குள் ஓடிவரும் வழியை அடையுங்கள். குடித்த மாடு தள்ளாடினாலோ, நுரை தள்ளினாலோ 1962 என்ற எண்ணுக்கு அழைத்துக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள்.

*“அப்படியென்றால் அசோலாவை மாட்டுக்குக் கொடுக்கலாமா? அதிலும் இந்த பாக்டீரியா இருக்கிறதே?” – ஆவடி வாசகி.*

தாராளமாகக் கொடுக்கலாம். அசோலா இலைக்குள் குடியிருக்கும் அனபீனாவும், குட்டையில் ஏடு கட்டும் வகையும் வேறு வேறு. ஆனால், அசோலா பாத்தியிலேயே மேலே பெயின்ட் மாதிரி ஏடு படர்ந்தால், பாத்தியைக் கழுவிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

*“நல்ல தண்ணீர் மீன் தொட்டியில் கரும்பச்சையாகப் படர்கிறது. அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?” – அம்பத்தூர் வாசகர்.*

நல்ல தண்ணீர்த் தொட்டி என்றால் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள், செழிக்கும். கீரைக்கு மட்டும் வேண்டாம். கடல்மீன் தொட்டித் தண்ணீரை எந்தச் செடிக்கும் ஊற்றக் கூடாது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு. பட்டாபிராம் நண்பர் முதல் வாரம் எடுத்த 20 லிட்டரைத் தென்னைக்கு ஊற்றப் போனார். நல்ல வேளையாக, போன் பண்ணிக் கேட்டார். தென்னைக்கு உப்பு வைப்பது உண்டே என்பது அவர் வாதம். வேர் பக்கத்திலேயே வாரம் 2 தடவை கடல்நீர் ஊற்றுவது அந்தக் கணக்கில் வராது. கிணற்றோரமும் வேண்டாம், கழிவுநீர்க் குழாயில்தான் விட வேண்டும்.

அந்த முட்டைகள் 8-ம் நாள் இரவு பொரிந்தன. குஞ்சுகளுக்குக் கொடுக்க வேண்டிய நுண்ணுயிர் தீவனம் போதுமான அளவு தயாராக இல்லாததால், 4 நாளில் எல்லாம் போய்விட்டன. முதல் ஈட்டில் அப்படித்தான் ஆகும் என்று பையனுக்கும் தெரிந்திருந்தது. ஐந்தாவது வாரம் நான் திரும்பப் போனபோது மணல் வெள்ளையாகத் தெரிந்தது. முன்பக்க மூலையில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மெரூன் திட்டு மிச்சம். பாஸ்பேட் 0.08. ஜோடி மீண்டும் ஓட்டைக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. மயில்துத்தப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே அலமாரியில் இருந்தது. பக்கத்தில் மூடி இறுக்கிக் கட்டிய தீனி டப்பா. “சாவியும் போட்டுடலாம்னு இருக்கான் சார்” என்றார் அப்பா.